ஓபன் செஸ் போட்டிக்கு ஒரு பக்க விதித்தாள்: முதல் வரியில் எதை எழுதுவது?

குதிரைப்பாய்ச்சல் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர்ச் சதுரங்கக் கழகம் அடுத்த மாதம் ஓர் ஓபன் ரேட்டிங் (ஆட்டத்திறன் மதிப்பெண்) போட்டியை நடத்தவிருக்கிறது. சுவிஸ் முறையில், அதாவது ஏறக்குறைய சம புள்ளி பெற்றவர்களை ஒவ்வொரு சுற்றிலும் மோதவிடும் முறையில், ஒன்பது சுற்றுகள். ஆளுக்கு 90 நிமிடம், முதல் நகர்விலிருந்தே நகர்வுக்கு 30 விநாடி கூடுதல். ஓபன் என்பதால் வயது வரம்பும் இல்லை, ரேட்டிங் வரம்பும் இல்லை. ஏழு வயதுக் குழந்தைக்கு எதிரே ஓய்வுபெற்ற வங்கி ஊழியர் உட்காருவார்; முதன்முறையாகப் போட்டிக்கு வரும் கல்லூரி மாணவருக்கு எதிரே இருபது ஆண்டுகளாக ஆடிவரும் ஒருவர் உட்காருவார்.

சென்ற ஆண்டு நாங்கள் நடத்திய போட்டியில் ஏற்பட்ட சச்சரவுகளைக் குறித்து வைத்திருக்கிறேன். அவற்றில் பெரும்பாலானவை யாரும் வேண்டுமென்று செய்த தவறால் வந்தவை அல்ல. விதி இன்னதென்று தெரியாததால் வந்தவை. நுழைவுப் படிவத்தின் பின்பக்கத்தில் ஆங்கிலத்தில் விதிகள் இருக்கத்தான் செய்தன. ஆனால் அதைப் படித்தவர்கள் மிகக் குறைவு. ஆகவே இம்முறை, ஒரே பக்கத்தில், தமிழில், ஒவ்வொரு ஆட்டக்காரரின் கையிலும் முதல் சுற்றுக்கு முன்பே சேரும்படி ஒரு தாள் தயாரிக்க விரும்புகிறேன். உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடேயின் விதிகள் அனைத்தையும் மொழிபெயர்ப்பது நோக்கமன்று. மேசையில் அமர்ந்தவருக்கு அந்த நேரத்தில் எது தெரிந்திருக்க வேண்டுமோ அது மட்டும் போதும்.

என் வரைவில் முதல் வரி, "தொட்ட காயை நகர்த்த வேண்டும்" என்பது. அதன்பின் கைப்பேசி, நகர்வு எழுதுதல், டிரா கேட்கும் முறை, பேச்சு, தாமதம், ஆட்டம் முடிந்ததும் கையெழுத்து என்று வரிசைப்படுத்தியிருக்கிறேன். அனுபவமுள்ளவர்கள் திருத்தித் தர வேண்டுகிறேன்.

நடுவர்மேசை

நல்ல முயற்சி. பல மாவட்டங்களில் நடுவராக இருந்தவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்கிறேன்.

"தொட்ட காயை நகர்த்த வேண்டும்" என்று மட்டும் எழுதினால் அது பாதி விதிதான். வேண்டுமென்றே தொட்ட காய்தான் கணக்கு. சட்டையின் கை பட்டுச் சாய்ந்த சிப்பாய் கணக்கில்லை. தொட்ட காய்க்குச் செல்லுபடியாகும் நகர்வு ஒன்றுகூட இல்லையென்றால் வேறு எந்தக் காயையும் நகர்த்தலாம். எதிராளியின் காயைத் தொட்டால், வெட்ட முடியுமானால் அதை வெட்டியே ஆக வேண்டும். இதைப் பல குழந்தைகள் அறிவதில்லை. காயைக் கட்டத்தின் நடுவில் சரியாக வைக்க நினைத்தால், தொடுவதற்கு முன்பே "அட்ஜஸ்ட்" என்று சொல்ல வேண்டும், அதுவும் தன் முறை நடக்கும்போது மட்டும். தொட்டுவிட்டு, எதிராளியின் முகத்தைப் பார்த்துவிட்டு, அதன்பின் "அட்ஜஸ்ட்" என்பது செல்லாது. வாரத்துக்கு ஒரு முறையாவது நான் கேட்கும் சொல் அது.

கோட்டை கட்டும்போது (ராஜாவையும் யானையையும் ஒரே நகர்வில் இடம் மாற்றும்போது) முதலில் ராஜாவைத் தொட வேண்டும். யானையை முதலில் தொட்டுவிட்டால் அந்தப் பக்கம் அந்த நகர்வில் கோட்டை கட்ட முடியாது. யானையைத்தான் நகர்த்த வேண்டும். ஒரு நகர்வை ஒரே கையால் செய்ய வேண்டும். அதே கையால்தான் கடிகாரத்தையும் அழுத்த வேண்டும். இரண்டு கைகளையும் பயன்படுத்திக் கோட்டை கட்டிவிட்டுக் கடிகாரத்தை அழுத்தினால், அது விதிமீறிய நகர்வுக்குச் சமமாகவே கருதப்படும். சிப்பாயைக் கடைசி வரிசைக்குத் தள்ளிவிட்டு, அதற்குப் பதிலாக ராணியை வைக்காமலேயே கடிகாரத்தை அழுத்துவதும் அப்படியே. இத்தகைய தவறு முதல் முறை நடந்தால் எதிராளிக்கு இரண்டு நிமிடம் கூடுதலாகத் தரப்படும். இரண்டாம் முறை நடந்தால் ஆட்டமே தோல்வி. எதிராளியிடம் எந்த வழியிலும் மேட் கொடுக்க முடியாத காய்களே இருந்தால் மட்டும் டிரா.

நகர்வு எழுதுவது பற்றி ஒன்று. ஐந்து நிமிடத்துக்குக் கீழே போனால் எழுதத் தேவையில்லை என்று எல்லோரும் மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். நகர்வுக்கு 30 விநாடி கூடும் போட்டிக்கு அந்தச் சலுகை கிடையாது. உங்கள் போட்டியில் கடிகாரத்தில் பத்து விநாடி இருந்தாலும் எழுதித்தான் ஆக வேண்டும். இதைத் தடித்த எழுத்தில் போடுங்கள்.

வாசலில்காத்திருப்பவள்

நான் ஆட்டக்காரர் அல்ல. ஓர் ஆட்டக்காரியின் தாய். நடுவர் ஐயா சொன்ன அத்தனையும் என் மகளுக்குத் தெரியும். ஆனாலும் நடந்ததைச் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது.

அப்போது அவளுக்கு ஒன்பது வயது. ஓர் ஓபன் போட்டியின் நான்காம் சுற்றில், அவளைவிட முப்பது வயதாவது மூத்த ஒருவருடன் ஆடினாள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்ற எனக்கு அவளுடைய பலகை தெரிந்தது. எதிராளி தம் பிஷப்பை இரண்டு விரலால் பிடித்துச் சற்றே தூக்கினார். அதன் அடியிலிருந்த பச்சைத்துணி என் கண்ணுக்குத் தெரிந்தது. அதை நகர்த்தினால் ராணி போய்விடும் என்பதைக் கண்டுகொண்டார் போலும். மெதுவாக அதே கட்டத்தில் வைத்துவிட்டுக் குதிரையை நகர்த்திக் கடிகாரத்தை அழுத்தினார். என் மகள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். அவர் ஸ்கோர்ஷீட்டில் (நகர்வுகளைக் குறிக்கும் தாளில்) எழுதிக்கொண்டிருந்தார். அவள் சுற்றும் முற்றும் பார்த்தாள். பக்கத்தில் நடுவர் இல்லை. கொஞ்ச நேரம் கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு தன் நகர்வைச் செய்தாள்.

ஆட்டம் முடிந்து வெளியே வந்தபோது அவள் அழவில்லை. "அம்மா, அவர் பெரியவர், அவர்கிட்ட எப்படிச் சொல்றது?" என்றுதான் கேட்டாள். நான் நடுவரிடம் சென்று சொன்னபோது, அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அவள் தன் அடுத்த காயைத் தொட்ட அந்தக் கணத்திலேயே முறையிடும் உரிமை போய்விட்டது என்று விளக்கினார். விதிப்படி அது சரியாகத்தான் இருக்கும். ஆனால் எங்கள் பயிற்சி வகுப்பில் தொடும் விதியை நூறு முறை சொல்லிக்கொடுத்தவர்கள், எதிராளி அதை மீறினால் என்ன செய்ய வேண்டும் என்பதை ஒரு முறைகூடச் சொல்லிக்கொடுக்கவில்லை.

ஆகவே குதிரைப்பாய்ச்சல் அண்ணா, உங்கள் தாளின் முதல் வரி தொடும் விதியாக இருக்கக் கூடாது என்பது என் கருத்து. "உதவி தேவைப்பட்டால் கடிகாரத்தை நிறுத்தி, கையை உயர்த்தி, நடுவரை அழை" என்பதே முதல் வரியாக இருக்க வேண்டும்.

நடுவர்மேசை

தாயார் சொல்வதை முழுமனதோடு ஏற்கிறேன். அந்த நடுவர் சொன்னதும் சரியே. எதிராளி தொடும் விதியை மீறினார் என்று முறையிடும் உரிமை, நகர்த்தும் அல்லது வெட்டும் எண்ணத்தோடு நாம் ஒரு காயைத் தொடும்வரைதான் நீடிக்கும். நடுவரின் உதவியைப் பெறுவதற்காகக் கடிகாரத்தை நிறுத்த ஆட்டக்காரருக்கு விதியே உரிமை தருகிறது. அதைக் குற்றமாக நினைத்துத்தான் குழந்தைகள் தயங்குகிறார்கள்.

ஒன்றை மட்டும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அவள் கையை உயர்த்தியிருந்தாலும், எதிராளி மறுத்திருந்தால், சாட்சி இல்லாத நிலையில் நடுவர் அவள் பக்கம் தீர்ப்பளித்திருப்பார் என்று உறுதி கூற முடியாது. ஆனால் அந்த மனிதர் நடுவரின் முன்னால், ஒரு குழந்தையின் முகத்தைப் பார்த்துக்கொண்டு, "நான் தொடவில்லை" என்று வாயால் சொல்ல வேண்டியிருந்திருக்கும். என் அனுபவத்தில் பாதிப் பேர் அந்த இடத்தில் ஒப்புக்கொண்டுவிடுவார்கள்.

பழையவெள்ளை

எழுபதுகளிலிருந்து ஆடுகிறேன். சென்னையில் மானுவல் ஆரோன் தொடங்கிய தால் செஸ் கிளப்பில் காலடி வைத்தவர்களுடன் ஆடிப் பழகியவன். நீங்கள் இருவரும் நடுவரைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் ஆட்டக்காரரைப் பற்றிப் பேச விரும்புகிறேன்.

1994ஆம் ஆண்டு லினாரெஸ் போட்டியில் காஸ்பரோவ், அப்போது 17 வயதே ஆன ஜூடித் போல்கருக்கு எதிராகக் குதிரையை ஒரு கட்டத்தில் வைத்து விரலை எடுத்துவிட்டார். அந்த இடம் கெட்ட இடம் என்று உணர்ந்து மீண்டும் அதை எடுத்து வேறு கட்டத்தில் வைத்தார். விரல் விலகிய நேரம் ஒரு விநாடியில் கால்பங்குதான். ஆனால் ஒளிப்பதிவில் அது பதிவாகியிருந்தது. போல்கர் அந்த நேரத்தில் முறையிடவில்லை. காஸ்பரோவ் வென்றார். உலகச் சாம்பியனுக்கு எதிரே அமர்ந்த ஒரு கிராண்ட்மாஸ்டருக்கே வாய் எழவில்லை என்றால், ஒன்பது வயதுக் குழந்தைக்கு எப்படி எழும்? ஆகவே முறையிடும் பொறுப்பைச் சின்னவர் தோளில் மட்டும் வைத்துவிட்டுப் போய்விடக் கூடாது.

உங்கள் தாளில் ஒரு வரி பெரியவர்களுக்காகவே எழுதப்பட வேண்டும்: "நீங்கள் ஒரு காயைத் தொட்டுவிட்டீர்கள் என்றால், எதிராளி கேட்கும்வரை காத்திருக்காதீர்கள், அதையே நகர்த்துங்கள்." நான் விளையாடக் கற்ற காலத்தில் எங்கள் ஆசிரியர் இதை விதியாகச் சொன்னதில்லை. தொட்டால் நகர்த்தினோம், அவ்வளவுதான்.

ஆறாம்வரிசைச்சிப்பாய்

பெரியவரின் கருத்தை மதிக்கிறேன். ஆனாலும் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். நான் கல்லூரி மாணவன். சிறுவர்களுடன் ஆடும்போது சிலர் ஒவ்வொரு மூன்றாம் நகர்வுக்கும் டிரா கேட்கிறார்கள்; காரணமில்லாமல் நடுவரை அழைக்கிறார்கள். கையை உயர்த்து என்று முதல் வரியிலேயே எழுதினால், அதையே ஓர் ஆயுதமாகப் பயன்படுத்தும் பிள்ளைகளும் உண்டு.

நடுவர்மேசை

அதற்கும் விதி இருக்கிறது, தம்பி. எதிராளியின் கவனத்தைக் கலைப்பதும் அவரைத் தொந்தரவு செய்வதும் எந்த வகையிலும் தடைசெய்யப்பட்டவை. காரணமற்ற முறையீடுகளும், காரணமின்றித் திரும்பத் திரும்ப டிரா கேட்பதும் அதில் அடங்கும். டிரா கேட்கும் முறையையும் தாளில் தெளிவாகச் சொல்லுங்கள்: பலகையில் நகர்வைச் செய்துவிட்டு, டிரா கேட்டுவிட்டு, அதன்பின் கடிகாரத்தை அழுத்த வேண்டும். கேட்ட டிராவைத் திரும்பப் பெற முடியாது. எதிராளி வாயால் மறுக்கும்வரை அல்லது ஒரு காயைத் தொட்டு மறுக்கும்வரை அது நிற்கும். இரு ஆட்டக்காரர்களும் ஸ்கோர்ஷீட்டில் சமக்குறி (=) போட்டு அதைப் பதிய வேண்டும். அந்தக் குறிகள் இருந்தால், யார் எத்தனை முறை கேட்டார் என்பதை நடுவர் தாளைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம்.

ஆறாம்வரிசைச்சிப்பாய்

நன்றி ஐயா. சமக்குறி போட வேண்டும் என்பது எனக்கே இதுவரை தெரியாது.

கைப்பேசி விதியைப் பற்றி என் மனத்தாங்கல் ஒன்று உண்டு. சென்ற ஆண்டு வேறோர் ஊரில் நடந்த போட்டியில், அணைத்து வைத்த கைப்பேசி என் கால்சட்டைப் பையில் இருந்ததை நான் மறந்துவிட்டேன். ஆறாம் சுற்றில் அது நாற்காலியில் இடித்துச் சத்தம் வந்தது. எதிராளி நடுவரை அழைத்தார். அணைத்துத்தான் இருந்தது என்பதை நடுவர் கண்ணாலேயே பார்த்தார். ஆனாலும் ஆட்டம் தோல்வி என்று அறிவித்தார். இரண்டு மணி நேரம் உழைத்துப் பெற்ற ஒரு சிப்பாய் மேன்மையோடு இருந்தேன். பேருந்தில் திரும்பி வரும் வழியெல்லாம் அந்த நிலையையே மனத்துக்குள் ஆடிக்கொண்டு வந்தேன்.

பயிற்சிக்கூடம்

தம்பியின் வருத்தம் புரிகிறது. ஆனால் அந்த நடுவர் செய்தது சரி. போட்டியின் ஒழுங்குமுறை அனுமதித்தால், முழுமையாக அணைக்கப்பட்ட கைப்பேசி, நடுவர் ஒப்புக்கொண்ட இடத்தில் வைக்கப்பட்ட பையில் இருக்கலாம். ஆட்டக்காரரின் உடலில் இருக்கக் கூடாது. இருப்பது தெரிந்தால் தோல்வி. அணைத்திருந்ததா, ஒலித்ததா என்ற கேள்வியே அங்கு எழுவதில்லை. அந்தப் பையையும் நடுவரின் அனுமதியின்றி யாரும் தொடக் கூடாது. தண்ணீர்ப் புட்டியை எடுக்கப் பையைத் திறப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். புட்டியை முன்பே வெளியே எடுத்து மேசைக்காலருகே வைத்துக்கொள்ளுங்கள். ஸ்மார்ட் வாட்சும் இதே கணக்குத்தான்.

2003இல் ஐரோப்பிய அணிகள் போட்டியில், ஃபிடே உலகச் சாம்பியனாக இருந்த பொனமாரியோவின் கைப்பேசி ஆட்டத்தின் நடுவே ஒலித்தது. ஆட்டம் தோல்வி என்று அறிவிக்கப்பட்டது. பட்டத்துக்காகச் சலுகை தரப்படவில்லை. இவ்வளவு கடுமை ஏன் என்பதற்கு 2019இல் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் நடந்த ஓபன் போட்டி பதில் சொல்கிறது. இகோர்ஸ் ரௌசிஸ் என்ற கிராண்ட்மாஸ்டர் கழிவறையில் கைப்பேசியோடு இருந்தது படத்தோடு வெளிவந்தது. அவருடைய பட்டம் பறிக்கப்பட்டது. ஆறு ஆண்டுகள் தடை விதிக்கப்பட்டது. நம் நாட்டிலும் 2006இல் தில்லியில், தொப்பிக்குள் புளூடூத் கருவியைத் தைத்துக்கொண்டு ஆடியவர் பிடிபட்டு, பத்தாண்டுத் தடை பெற்றார். கைப்பேசி சட்டைப் பையில் இருக்கும்போது அதை வைத்திருப்பவர் நல்லவரா கெட்டவரா என்று நடுவர் எதைக் கொண்டு பிரித்தறிவார்?

குதிரைப்பாய்ச்சல்

நடுவர் ஐயாவிடம் ஒரு கேள்வி. முதல் முறை தோல்விக்குப் பதிலாக நேரத்தைக் குறைப்பது போன்ற மென்மையான தண்டனை வைக்க விதியில் இடமுண்டா?

நடுவர்மேசை

உண்டு. போட்டியின் ஒழுங்குமுறையில் முன்கூட்டியே அறிவித்திருந்தால் குறைவான தண்டனை வைக்கலாம். அறிவிக்காமல், ஆளைப் பார்த்து மென்மை காட்ட முடியாது. என் தனிப்பட்ட கருத்து: ரேட்டிங் போட்டியில் மென்மை வேண்டாம். அதற்குப் பதிலாக, மறக்க முடியாதபடி வாசலை அமையுங்கள். அரங்கக் கதவுக்கு வெளியே ஒரு நீள மேசை, எண் போட்ட துணிப்பைகள், ஒரு தன்னார்வலர். முதல் சுற்றில் வரிசை நீளும்; இரண்டாம் சுற்றிலிருந்து பழகிவிடும்.

ஆறாம்வரிசைச்சிப்பாய்

அன்று அப்படியொரு மேசை இருந்திருந்தால் நான் கொடுத்திருப்பேன். இதை ஏற்கிறேன்.

விரல்நுனி

இந்த இழையைத் திரைவாசிப்பான் வழியாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நான் பார்வையற்ற ஆட்டக்காரர். ஓபன் போட்டிகளில் எங்களோடு ஆடும் விதம் பலருக்குத் தெரிவதில்லை என்பதால் தாளில் மூன்று வரியாவது எங்களுக்காக இருக்கட்டும்.

என்னிடம் துளையிட்ட பலகை ஒன்று இருக்கும். காய்களின் அடியிலுள்ள ஆணி அந்தத் துளையில் நிற்கும். எதிராளி வழக்கமான பலகையில் ஆடலாம். நகர்வை ஒவ்வொருவரும் வாய்விட்டுத் தெளிவாகச் சொல்ல வேண்டும். மற்றவர் அதைத் திரும்பச் சொல்லித் தன் பலகையில் வைக்க வேண்டும். என் பலகையில் நான் காய்களைத் தடவிப் பார்ப்பது தொடுவதாகாது; துளையிலிருந்து காயை வெளியே எடுத்தால்தான் தொட்டதாகும். இந்த விளக்கம் தெரியாமல், நான் நிலையை விரலால் பார்த்துக்கொண்டிருக்கும்போது, "தொட்டுவிட்டார்" என்று கையை உயர்த்தியவர்கள் உண்டு. அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

இன்னொன்று. நகர்வைச் சொல்லும் குரல் பக்கத்துப் பலகைக்காரருக்கு இடைஞ்சல் என்று முறையிடுகிறார்கள். எங்கள் பலகையை அரங்கின் ஓரத்தில், சுவரையொட்டி நிரந்தரமாக ஒதுக்கி, அதைச் சுற்றி ஓரிரு மேசைகளுக்கு இடைவெளி விட்டால் போதும். ஒவ்வொரு சுற்றுக்கும் புது இடத்தைத் தேடி நடக்கும் சிரமமும் எங்களுக்கு இருக்காது.

குதிரைப்பாய்ச்சல்

மிக்க நன்றி ஐயா. இது எங்கள் யாருக்கும் தோன்றவேயில்லை. வடக்குச் சுவரோரம் மின்விசிறிக்குக் கீழே இல்லாத இடமாக ஒன்றை ஒதுக்குகிறேன்; மின்விசிறிச் சத்தத்தில் நகர்வு காதில் விழாமல் போகக் கூடாது.

பழையவெள்ளை

வெட்டிய காய்களைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருக்கும் பழக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சிலருக்கு அது யோசிக்கும்போது வரும் பழக்கம். ஆனால் 2017இல் கனடா சாம்பியன்ஷிப்பை முடிவுசெய்யும் பிளிட்ஸ் (சில நிமிடங்களில் முடியும் அதிவேக) ஆட்டத்தில் நடந்ததைப் பாருங்கள். நொரிட்சின் சிப்பாயைக் கடைசி வரிசைக்குக் கொண்டுசென்றபோது மேசையில் ராணி இல்லை. வெட்டப்பட்ட அந்த ராணி எதிராளி சம்புயேவின் கைக்குள் இருந்தது. அவசரத்தில் நொரிட்சின் யானையைத் தலைகீழாக வைத்து, ராணி என்று சொல்லிவிட்டு ஆடினார். நடுவர் அது யானைதான் என்று தீர்ப்பளித்தார். ஆட்டமும் பட்டமும் சம்புயேவுக்குப் போயின. நொரிட்சின் கடிகாரத்தை நிறுத்தி ராணியைக் கேட்டிருக்க வேண்டும் என்பது விதி. வெட்டிய காய் எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி மேசைமேல் இருக்க வேண்டும் என்பது ஒழுக்கம். எனக்கு இரண்டும் ஒன்றே.

பயிற்சிக்கூடம்

தலைகீழ் யானையை நம் பள்ளிப் பிள்ளைகள் எல்லோரும் ராணியென்றே நினைக்கிறார்கள். வீட்டில் அப்படித்தான் ஆடுகிறார்கள். மேசைக்கொரு கூடுதல் ராணி இரு நிறத்திலும் வைத்துவிட்டால் இந்தச் சிக்கலே எழாது, செலவும் அதிகமில்லை.

வாசலில்காத்திருப்பவள்

பெற்றோர்களைப் பற்றி யாரும் எழுதவில்லையே. நாங்கள்தான் அதிகம் தவறு செய்கிறோம் என்பதால் நானே எழுதுகிறேன். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று கையசைப்பது, கழிவறைக்கு வரும் பிள்ளையிடம் "எப்படிப் போகிறது?" என்று கேட்பது, இவையெல்லாம் அன்பால் செய்பவை. ஆனால் எதிராளியின் தாய்க்கு அது எப்படித் தெரியும்? என் மகளின் ஆட்டத்தில் எதிர்ப்பக்கச் சிறுவன் தன் தந்தையோடு தாழ்வாரத்தில் பேசிக்கொண்டு நின்றதைப் பார்த்து நானே சந்தேகப்பட்டேன். பிறகு விசாரித்தால், காலையில் சாப்பிடாமல் வந்த பையனுக்கு அவர் பிஸ்கட் கொடுத்துக்கொண்டிருந்தார்.

நடுவர்மேசை

ஆட்டம் நடக்கும்போது ஆட்டக்காரர் யாரிடமிருந்தும் ஆலோசனை பெறக் கூடாது. அனுமதியின்றி ஆட்ட வளாகத்தை விட்டு வெளியேறக் கூடாது. தன் முறை நடக்கும்போது அனுமதியின்றி ஆட்டப் பகுதியை விட்டே எழுந்து செல்லக் கூடாது. பார்வையாளர் ஒரு விதிமீறலைக் கண்டால் நடுவரிடம் மட்டுமே சொல்லலாம், பலகையருகே வாய் திறக்கக் கூடாது. பக்கத்துப் பலகையில் ஆடுபவருக்கும் இது பொருந்தும். எதிராளியின் கொடி விழுந்ததை, அதாவது நேரம் தீர்ந்ததை, தன் பிள்ளைக்குச் சாடை காட்டிய தந்தையர் உண்டு.

சந்தேகத்தைப் பற்றித் தாயார் சொன்னதைத் தாளில் கட்டாயம் சேர்க்க வேண்டும். யார்மீதும் ஏமாற்றுக் குற்றச்சாட்டு இருந்தால் தலைமை நடுவரிடம் எழுத்தில் தர வேண்டும். தாழ்வாரத்தில் பேசித் திரியக் கூடாது. 2007இல் பிரான்சில் ஓர் ஓபன் போட்டியில் அன்னா ருடால்ஃப் நன்றாக ஆடினார் என்பதற்காகவே, அவருடைய உதட்டுப் பசைக் குப்பிக்குள் கருவி இருப்பதாகச் சக போட்டியாளர்கள் சிலர் குற்றம் சாட்டினார்கள். அதில் ஒன்றுமில்லை. கடைசிச் சுற்றைக் கலங்கிய மனத்தோடு ஆடித் தோற்றார்.

பழையவெள்ளை

பாதியில் விலகிப்போவதையும் எழுதுங்கள். ஆறு சுற்று முடிந்து பரிசுக்கு வாய்ப்பில்லை என்று தெரிந்ததும் சொல்லாமல் ஊருக்குப் போய்விடுகிறார்கள். மறுநாள் காலையில் எதிரே காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டு ஒரு குழந்தை உட்கார்ந்திருக்கும். புள்ளி கிடைக்கும், ஆட்டம் கிடைக்காது. ஆடாத ஆட்டத்துக்கு ரேட்டிங்கும் இல்லை. அதற்காகவா அந்தக் குடும்பம் விடுதியில் அறை எடுத்துத் தங்கியது? விலகுவதானால் அடுத்த சுற்றின் இணைப்புப் பட்டியல் (யாருக்கு யார் எதிராளி என்ற பட்டியல்) வெளியாகும் முன் நடுவரிடம் சொல்லிவிட வேண்டும். 2022இல் செயின்ட் லூயிஸ் போட்டியிலிருந்து தக்க காரணமின்றிப் பாதியில் விலகியதற்காக, ஐந்து முறை உலகச் சாம்பியனான கார்ல்சனுக்கே ஃபிடே 10,000 யூரோ அபராதம் விதித்தது.

பயிற்சிக்கூடம்

கடைசிச் சுற்றில் பேசிவைத்து டிரா செய்வதும் அப்படியே. 2023இல் சமர்கண்டில் நடந்த உலக பிளிட்ஸ் போட்டியில் நெபோம்னியாச்சியும் டூபோவும் குதிரைகளை மட்டும் சுற்றிச்சுற்றி ஆட்டிவிட்டு டிரா என்றார்கள். நடுவர் இருவருக்கும் பூஜ்யம் கொடுத்தார். தாளில் ஒரு வரி போதும்.

உடை பற்றி நீளமாக எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். உலக அளவிலான போட்டிக்கு உடை விதி தேவைப்படலாம்; 2024இல் நியூயார்க்கில் ஜீன்ஸ் அணிந்ததற்காகக் கார்ல்சனுக்கு 200 டாலர் அபராதம் விதித்து, அடுத்த சுற்றில் ஆட எதிராளி தராமலும் விட்டார்கள். நம் ஊரில் வேட்டியோ, பள்ளிச் சீருடையோ, சுத்தமாக இருந்தால் போதும்.

குதிரைப்பாய்ச்சல்

கைகுலுக்குவது?

நடுவர்மேசை

வேண்டும். 2008இல் நெதர்லாந்தின் வைக் ஆன் ஸீயில் நடந்த போட்டியில் செபாரினோவ், நைஜல் ஷார்ட்டுக்குக் கை கொடுக்க மறுத்தார். முதலில் ஆட்டம் ஷார்ட்டுக்கே வெற்றி என்று அறிவிக்கப்பட்டது. முறையீட்டுக்குப் பிறகு மறுபடி ஆட வைக்கப்பட்டது, அதிலும் ஷார்ட்டே வென்றார். கை கொடுக்க இயலாத காரணமுள்ளவர்கள் வணக்கம் சொல்லட்டும். நம் ஊரில் அதற்கு யாரும் தவறாக எண்ண மாட்டார்கள்.

ஆட்டம் முடிந்தபின் செய்ய வேண்டியதையும் அதே வரியில் சேருங்கள். இருவரும் இரண்டு ஸ்கோர்ஷீட்டிலும் முடிவை எழுதிக் கையெழுத்திட வேண்டும். தவறாக எழுதினாலும், நடுவர் வேறுவிதமாக முடிவெடுத்தாலன்றி, எழுதிய முடிவே நிற்கும். வென்ற மகிழ்ச்சியில் எதிராளி நீட்டிய தாளில் பார்க்காமல் கையெழுத்திட்ட ஒரு சிறுவன், இரவு இணையத்தில் தன் பெயருக்கு எதிரே பூஜ்யத்தைப் பார்த்து ஓடிவந்தான். எதிராளி நேர்மையானவர் என்பதால் மறுநாள் காலையில் திருத்த முடிந்தது.

குதிரைப்பாய்ச்சல்

அனைவருக்கும் நன்றி. திருத்திய வரைவின் தொடக்கம் இது:

"உங்கள் ஆட்டத்தில் ஏதோ தவறு நடந்துவிட்டது என்று தோன்றினால், எந்தக் காயையும் தொடாதீர்கள். கடிகாரத்தை நிறுத்துங்கள். கையை உயர்த்துங்கள். நடுவர் வருவார். அவரிடம் மெதுவாகச் சொல்லுங்கள். எதிரே இருப்பவர் யாராக இருந்தாலும், உங்கள் வயது எதுவாக இருந்தாலும், இதைச் செய்ய உங்களுக்கு உரிமை உண்டு. நடுவரின் முடிவு புரியவில்லை என்றால் விளக்கம் கேட்கலாம். ஏற்க முடியவில்லை என்றால் முறையீட்டுக் குழுவிடம் செல்லலாம்."

அதற்கடுத்த வரி பழையவெள்ளை ஐயா சொன்னது: தொட்டுவிட்டால், கேட்கும்வரை காத்திராமல் அதையே நகர்த்துங்கள். மற்றவை அதன்பின். கைப்பேசிக்கு மென்மையான தண்டனை இல்லை. வாசலில் மேசை உண்டு. பார்வையற்றோர் பலகைக்கான மூன்று வரிகளையும், மேசைக்கு இரண்டு கூடுதல் ராணிகளையும் சேர்த்துவிட்டேன்.

வாசலில்காத்திருப்பவள்

மகளிடம் இதைப் படித்துக் காட்டினேன். அவளுக்கு ஒரே சந்தேகம்: கடிகாரத்தை நிறுத்துவது எப்படி? அவள் இதுவரை தன் பக்கத்தை அழுத்தி எதிராளியின் நேரத்தை ஓடவிட்டிருக்கிறாளே தவிர, இரண்டு பக்கமும் நிற்கும்படி செய்ததே இல்லையாம். நடுவிலுள்ள பொத்தானைத் தொட்டால் நேரம் அழிந்துவிடும் என்று பயப்படுகிறாள்.

நடுவர்மேசை

நல்ல கேள்வி. பெரும்பாலான டிஜிட்டல் கடிகாரங்களில் நடுவிலுள்ள பொத்தானை ஒரு முறை அழுத்தினால் இரண்டு பக்கமும் நின்றுவிடும். நேரம் எதுவும் அழியாது. குதிரைப்பாய்ச்சல், முதல் சுற்றன்று பிள்ளைகளை அரைமணி நேரம் முன்னதாக வரச்சொல்லுங்கள். ஒவ்வொருவரும் தம் கையாலேயே ஒரு முறை நிறுத்திப் பார்க்கட்டும். நான் ஒன்பதரைக்கே அரங்கத்துக்கு வந்துவிடுகிறேன்.